காம்பு வெறும் தாங்குகோல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இலைகளைப் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால், இலையைத் தாங்குவது காம்பு என்று ஒரே வரியில் அதை முடித்துவிட்டது மனதுக்கு ஒப்பவில்லை. பாடநூல் படங்களிலும் காம்பு ஒரு கோடுதான்.

காம்பு தாங்குவது உண்மைதான், அதோடு நிற்பதில்லை. வேரிலிருந்து வரும் நீர் இலைக்குள் போவதும், இலை சமைத்த சர்க்கரை வெளியே வருவதும் அதன் வழியாகத்தான். உதிர்ந்த இலை கிளையில் விட்ட தழும்பை உற்றுப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அறுந்த குழாய்களின் வாய்கள் அவை. இலை உதிர்வதற்கான பிரிவுப் படலம் உருவாவதும் காம்பின் அடியில்தான். தொட்டாற்சிணுங்கியின் காம்படியில் ஒரு சிறு வீக்கம் உண்டு. தொட்டதும் அதன் கீழ்ப்பக்க செல்களிலிருந்து நீர் வெளியேற, காம்பு முழுதாகத் தொங்கிவிடுகிறது. வெங்காயத்தாமரையை மிதக்க வைப்பதும் காற்று நிறைந்து உப்பிய காம்புதான்.

விலங்குகளிலும் காம்பு உண்டு என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி முட்டையிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? இலையில் ஒரு துளி திரவத்தை வைத்து வயிற்றை மேலே தூக்கும். துளி மெல்லிய இழையாக நீண்டு இறுகிவிடும். அதன் உச்சியில் ஒரு முட்டை. எறும்புக்கு எட்டாது. முதலில் பொரித்த புழு உடன்பிறப்புகளைத் தின்பதும் குறையும்.

அப்புறம் இறால், நண்டு. இவற்றின் கண்கள் காம்பின் மேல்தான் இருக்கின்றன. சட்டை உரிப்பதையும் சினைப்பை முதிர்வதையும் தடுத்து வைக்கும் ஹார்மோன்கள் அந்தக் காம்புக்குள்தான் சுரக்கின்றன. இதனால்தான் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் பலவற்றில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நசுக்கியோ வெட்டியோ விடுகிறார்கள். தடை நீங்கி அது சீக்கிரம் சினைக்கு வருகிறது. ஓர் உயிரின் கண்ணை எடுத்து முட்டை வாங்குவதை என்னால் சாதாரணத் தொழில்நுட்பமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கண்ணைத் தொடாமல் இதைச் செய்யும் வழிகளும் ஆராயப்பட்டு வருகின்றன.

கட்டுரையாளர் விலங்குகளின் காம்புகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். இறால் விஷயத்தை அதில் விட்டுவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்