கழற்றிய பெல்ட்டைக் கையில் தாருங்கள்

வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சியில் கராஜ் நடத்தும் ஐயாமாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம்.

பெரிய சேர்விஸுக்கு வாகனத்தை விடுகிறவர்களின் கவலை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே நேரே கேட்கிறோம். வேலை தொடங்குமுன் சாமான் என்ன, விலை என்ன, கூலி என்ன என்று எழுதித் தாருங்கள். முடிந்ததும் கழற்றிய பழைய சாமானைக் கையில் தாருங்கள்.

டொல்பின் வானின் (டொயோட்டா ஹைஏஸ்) ரைமிங் பெல்ட்டையே எடுங்கள். எஞ்சினின் வால்வுகளும் பிஸ்டன்களும் நேரம் தவறாமல் இயங்க வைக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட் அது. 3எல், 5எல் டீசல் எஞ்சின்களில் 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்லி டாஷ்போர்டில் லைட் எரியும். அந்த லைட்டை ரீசெட் பண்ணி அணைக்கச் சில நிமிடம் போதும். பெல்ட்டை மாற்றுவதென்றால் ஃபேன் பெல்ட், கிராங்க் புல்லி, முன்கவர் எல்லாம் கழற்றி, பற்சக்கரங்களில் உள்ள மார்க் பார்த்துப் பூட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி மார்க் திரும்பப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். சில இடங்களில் லைட்டை மட்டும் அணைத்துவிட்டுப் பெல்ட்டுக்கும் கூலிக்கும் பில் போடுகிறார்கள். இதைக் களவு என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது? ஓட்டுகிறவர் புதுப் பெல்ட் என்று நம்பி அடுத்த லைட் வரும்வரை ஓடுவார். ஒட்டுசுட்டானில் இருந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றிய வானில், வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்ச் சேருமுன்னரே அந்தப் பழைய பெல்ட் அறுந்தால், வால்வுகள் பிஸ்டனில் அடிபட்டு வளையும். எஞ்சின் ஹெட்டைக் கழற்றி இறக்க வேண்டும். காட்டு ஓரத்தில் நிற்கும் நோயாளிக்கு யார் பொறுப்பு?

உண்மையாகவே பெல்ட் மாற்றுகிறவர்களும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ரென்சனர் பெயரிங்கையும், ஒயில் வெளியே கசியாமல் தடுக்கும் கிராங்க், காம் ஒயில் சீல்களையும் பழையதாகவே விடுவதுண்டு. சீல் கசிந்தால் ஒயில் பட்ட ரப்பர் ஊறிப் பல் உரியும். பெயரிங் இறுகினால் புதுப் பெல்ட்டும் நிலைக்காது. எல்லாம் திறந்திருக்கும்போதே மாற்றினால் கூலி ஒருதரம்தான்.

2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய வான்களை வைத்தே இழுத்துக்கொண்டிருக்கிறோம். 2025இல் திறந்தார்கள், புது வாகனம் வாங்க வன்னியில் எத்தனை பேரால் முடியும்? சாமான் விலை ஏறியது உங்கள் பிழையில்லை. ஒரிஜினலோ, ஜப்பானில் பாவித்து வந்ததோ, இந்தியச் சாமானோ, எதைப் பூட்டினாலும் அதை அப்படியே எழுதுங்கள். மலிவானதைத் தெரிவு செய்வது எங்கள் விருப்பமாக இருக்கட்டும். மலிவானதைப் பூட்டி ஒரிஜினல் விலை எடுப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. அதைக் காட்டி உங்களோடு மல்லுக்கட்ட எங்களுக்கு விருப்பமில்லை. நேர்மையாகச் செய்கிற கைக்குக் கூலி குறைக்கச் சொல்லியும் கேட்கவில்லை.

தயவுசெய்து பில்லில் பெல்ட்டின் பெயர், பாட் நம்பர், அன்றைய மீற்றர் கணக்கு மூன்றையும் எழுதுங்கள். திகதியைப் பெயின்ற் பேனாவால் முன்கவரிலும் குறித்துவிடுங்கள். பழைய பெல்ட்டை ஒரு பையில் போட்டு வானின் முன்சீற்றில் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வன்னியில் வாகனம் ஓட்டிப் பிழைப்போர்