'சேர்ந்து வாழும்' என்று சொல்லி விற்ற மீன் தொகுப்பு குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 60 செ.மீ. தொட்டிக்கான நன்னீர் மீன் தொகுப்பு – ஒத்துப்போகாத இனங்களைச் சேர்த்து விற்றது – பணத்தைத் திருப்பித் தரவும், அட்டையைத் திருத்தவும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் இணையக் கடையில் '60 செ.மீ. தொட்டிக்கான கம்யூனிட்டி தொகுப்பு' என்ற பெயரில் விற்கும் மீன்களை வாங்கினேன். டைகர் பார்ப் ஐந்து, நியான் டெட்ரா ஆறு, ஏஞ்சல் இரண்டு, தங்கமீன் இரண்டு, ஆண் ஃபைட்டர் ஒன்று, சக்கர் மீன் ஒன்று. ஆக மொத்தம் பதினேழு. பெட்டியோடு வந்த அட்டையில் 'சண்டையில்லாமல் சேர்ந்து வாழும்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன். இருபது நாளில் எட்டு மீன்கள் போய்விட்டன.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மீன்களை அனுப்பிய விதத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆக்சிஜன் நிரப்பிய பைகள், தெர்மோகோல் பெட்டி, ஃபைட்டருக்குத் தனிப் பை என்று எல்லாம் பொறுப்பாகச் செய்திருந்தீர்கள். பதினேழும் உயிரோடு வந்து சேர்ந்தன. என் புகார் அவற்றை ஒன்றாகச் சேர்த்தவர்கள் மீதுதான்.

முதல் கடிதத்துக்கு நீங்கள் அனுப்பிய பதிலில், 'தொட்டித் தண்ணீர் பக்குவப்படாததே காரணம்' என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மையில்லை. மீன் வாங்குவதற்கு முன் ஆறு வாரம் வெறும் தொட்டியை ஓட்டினேன். தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு, அது அழுகி வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வளரும்வரை காத்திருந்தேன். மீன்களை விட்ட நாளிலிருந்து தினமும் சோதித்துக் குறித்து வைத்திருக்கிறேன். அம்மோனியா 0, நைட்ரைட் 0. நைட்ரேட் 20 பிபிஎம்மைத் தாண்டவே இல்லை. அந்த நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து இத்துடன் இணைத்துள்ளேன். தண்ணீர் மீது பழி போட வழியே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் நாள் காலை விளக்கைப் போட்டதும் என் மகள் நியான்களை எண்ணினாள். ஐந்துதான் இருந்தன. செடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்று நினைத்தோம். மறுநாள் நான்கு. அதற்கடுத்த நாள் பெரிய ஏஞ்சலின் வாயோரம் நீலக்கோடு ஒன்று மின்னியது. ஒரு நியானின் பின்பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, வால் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டாள். நீங்கள் அனுப்பிய நியான்கள் 2 செ.மீ.கூட இல்லாத குஞ்சுகள். ஏஞ்சல்களோ வளர்ந்தவை, உள்ளங்கை அகலம் இருந்தன. ஏஞ்சல் பார்க்கச் சாதுவாகத் தெரிந்தாலும் அது சிக்லிட் குடும்பத்து மீன். வாய்க்குள் அடங்குவது எதுவாக இருந்தாலும் அதற்கு இரைதான். இரண்டும் அமேசான் படுகையிலிருந்து வந்தவை, அதனால் ஒத்துப்போகும் என்று உங்கள் ஊழியர் தொலைபேசியில் விளக்கினார். ஒரே ஆற்றில் இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றைத் தின்னாமல் விட்டுவிடாது. இதை மீன் விற்பவருக்கு நான் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

அந்த ஏஞ்சலும் நிம்மதியாக இருக்கவில்லை. அதன் வயிற்றடியில் நூல்போலத் தொங்கும் இரண்டு துடுப்புகளை டைகர் பார்ப்கள் முதல் வாரத்திலேயே கடித்துக் குட்டையாக்கிவிட்டன. ஒன்று முன்னால் போய் ஏஞ்சலைத் திரும்ப வைக்கும், இன்னொன்று பின்னாலிருந்து வந்து கொத்திவிட்டு ஓடும். கண்ணாடிக்கு முன் உட்கார்ந்து மணிக்கணக்கில் இதைப் பார்த்திருக்கிறேன். டைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன். எட்டு, பத்து என்று இருந்தால் யார் பெரியவர் என்ற போட்டி பெரும்பாலும் தமக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். எண்ணிக்கை குறைந்தால் அந்தச் சீண்டல் அடுத்தவர்மேல் திரும்பும். கூட்டம் பெரிதாக இருந்தாலும், நீண்ட துடுப்போடு மெதுவாக நீந்தும் மீன்களோடு அதைச் சேர்க்கக் கூடாது என்பது மீன் வளர்ப்பவர்கள் முதலில் படிக்கும் பாடம். ஒரே தொகுப்பில் ஐந்தே ஐந்து டைகர் பார்ப், கூடவே ஏஞ்சல், அதோடு தோகைவால் ஃபைட்டர். யார் இதை முடிவு செய்தார்கள் என்று கேட்கிறேன்.

ஃபைட்டரை நினைத்தால்தான் இன்னும் தாங்கவில்லை. வந்த அன்று மாலை அது தன் கருநீல வாலை விரித்துக்கொண்டு தொட்டியை ஒரு சுற்று வந்தது. அதன் பிறகு அப்படி விரித்து நான் பார்க்கவே இல்லை. நான்காம் நாள் வாலின் ஓரம் கிழிந்த துணிபோல ஆகிவிட்டது. ஃபைட்டர் செவுளால் மட்டும் சுவாசிக்கும் மீன் இல்லை, அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்க வேண்டும். மேலே வரும்போதெல்லாம் பார்ப்கள் துரத்தின. கடைசியில் ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒண்டிக்கொண்டது. அதைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றியபோது வால் அழுகல் உடம்புவரை ஏறியிருந்தது. ஒன்பதாம் நாள் இறந்தது. வாலும் துடுப்பும் கந்தலாகி, பன்னிரண்டாம் நாள் சிறிய ஏஞ்சலும் போய்விட்டது.

தங்கமீன் விஷயம் வேறு. உங்கள் கையேடு ஹீட்டரை 27 டிகிரியில் வைக்கச் சொல்கிறது. ஃபைட்டருக்கு அது சரி. தங்கமீன் குளிர்நீர் மீன், அதற்கு 18 முதல் 22 வரை இதம். தண்ணீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, மீனின் தேவையோ கூடுகிறது. இரண்டும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தன. ஒன்று இறந்துவிட்டது. ஹீட்டரைக் குறைத்தால் ஃபைட்டர் சுருண்டுவிடும், கூட்டினால் தங்கமீன் தவிக்கும். இந்த இரண்டுக்கும் பொருந்தும் ஒரு எண் தெர்மோமீட்டரில் இல்லை.

சக்கர் மீன் நன்றாக இருக்கிறது, கவலையே அதுதான். இப்போது 6 செ.மீ. வளர்ந்தால் 30 செ.மீ.க்கு மேல் போகும். என் தொட்டியின் அகலமே 30 செ.மீ. திரும்பக்கூட இடம் இருக்காது. 'பெரிதானால் ஏதாவது ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுங்கள்' என்றார் உங்கள் ஊழியர். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன், இப்படி விடப்பட்டு விடப்பட்டே பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகி, அங்குள்ள மீன்களின் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் விடமாட்டேன். வேறு யாருக்கும் அப்படிச் சொல்லாதீர்கள்.

'உயிருடன் சேர்ந்தால் எங்கள் பொறுப்பு முடிந்தது, 48 மணி நேரத்துக்குப் பின் புகார் ஏற்கப்படாது' என்று உங்கள் பதில் முடிகிறது. வழியில் இறந்த மீனுக்கு அந்த விதி பொருந்தலாம். நான் கேட்பது அட்டையில் நீங்கள் எழுதிய வாக்குறுதியைப் பற்றி. சேர்ந்து வாழும் என்றால் 48 மணி நேரம் சேர்ந்து வாழும் என்று யாரும் பொருள் கொள்ளமாட்டார்கள்.

அதே தொட்டிக்குப் பத்து நியானும், அடியில் மேய கோரிடோரஸ் என்னும் சிறு கெளுத்திகள் ஆறும் மட்டும் கொடுத்திருந்தால், மெல்லிய மணலில் 24 டிகிரியில் அவை நிம்மதியாக இருந்திருக்கும். நிறம் குறைவு, படத்தில் கவர்ச்சி குறைவு என்று நினைத்தீர்களோ என்னவோ. எனக்கு அது போதுமானதாக இருந்திருக்கும்.

ஆகவே, தொகுப்புக்கான முழுத் தொகையைத் திருப்பித் தாருங்கள். மிஞ்சிய ஒன்பதில் ஐந்து பார்ப்களையும் சக்கரையும் உங்கள் செலவில் திரும்பப் பெற்று, அவற்றுக்கு ஏற்ற பெரிய தொட்டியில் வையுங்கள். இந்தத் தொகுப்பின் விற்பனையை உடனே நிறுத்துங்கள். இனி விற்கும் ஒவ்வொரு மீனுக்கும், முழுதாக வளர்ந்தபின் அதன் நீளம், அதற்கு வேண்டிய வெப்பநிலை, குறைந்தது எத்தனை சேர்த்து வளர்க்க வேண்டும், எவற்றோடு சேர்க்கக் கூடாது என்பதை அட்டையில் அச்சிடுங்கள். இவற்றுள் கடைசியதுதான் எனக்கு முக்கியம், பணம் அதற்குப் பிறகுதான்.

பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், அட்டை, கையேடு, சோதனைக் குறிப்புகள், படங்கள் அனைத்தையும் வைத்து நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பில் முறையிடுவேன்.

பார்ப்களைத் தடுப்பு வைத்துப் பிரித்து வைத்திருக்கிறேன். மீந்த ஒற்றை நியானை ஏஞ்சலிடமிருந்து எடுத்துத் தனிப் பாத்திரத்தில் விட்டிருக்கிறோம். கூட்டமாக வாழ வேண்டிய மீன் அது, மூலையை விட்டு வர மறுக்கிறது. தடுப்பு ரொம்ப நாள் தாங்காது, பார்ப்களை எடுத்துச்செல்ல ஆளை எப்போது அனுப்புவீர்கள் என்பதை மட்டுமாவது முதலில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: தொகுப்பின் அட்டை, கையேடு, தண்ணீர் சோதனைக் குறிப்புகள், மீன்களின் படங்கள்