சடங்குக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை: பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

மூன்று தலைமுறையாக மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிற ரப்பர் தோட்டக் குடும்பம் எங்களுடையது. அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளி மண்டபத்தை ஒரு சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் தாருங்கள். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, பையன்களுக்கும் சேர்த்து, அவர்கள் உடம்பில் என்ன நடக்கப்போகிறது என்று சொல்ல வேண்டும். அம்மா அப்பாக்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

1979-இல் நான் வயதுக்கு வந்தேன். லயத்துக்குப் பின்னால் குளிக்கப் போன இடத்தில் கறையைப் பார்த்ததும், முதல் நாள் கித்தா (ரப்பர்) மரத்தடியில் வழுக்கி விழுந்ததில் உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பாவாடையைச் சுருட்டி விறகுக்கு அடியில் ஒளித்தேன். பாட்டி கண்டுபிடித்தார். அப்புறம் பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி, ஓலைக் குச்சு, தாய்மாமன் சீர், ஒலிபெருக்கியில் பாட்டு. தோட்டம் முழுக்கச் செய்தி தெரிந்தது. உள்ளே கிழிந்தது எப்போது ஆறும் என்று நான் மட்டும் பயந்துகொண்டிருந்தேன். சடங்கை நான் குறை சொல்லவில்லை. பாட்டி ஊட்டிய களி இன்னும் நாக்கில் இருக்கிறது. அந்தக் களியோடு நாலு வார்த்தையும் சொல்லியிருக்கலாம்.

வயதுக்கு வருவது ஹார்மோனின் வேலை. உடம்பு தானே சுரந்து அனுப்பும் ரசாயனச் செய்திதான் ஹார்மோன். நம் ஆட்களுக்கு அது புதிதில்லை. கித்தா மரத்தில் பால் எடுக்க வெட்டிய காயத்தின் ஓரம் தூரிகையால் மருந்து பூசுவார்களே, எத்திஃபோன், அது பட்டைக்குள் போய் எத்திலீன் ஆகிறது. எத்திலீன் மரத்தின் சொந்த ஹார்மோன். என் அம்மா பூசியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு விரல் அகலம் கூட இருக்காது. சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் பால் குழாய்கள் அதன் பிறகு நெடுநேரம் திறந்தே இருக்கும், பால் பிடிக்கும் மங்கு நிறையும். அளவு மிஞ்சினால் பட்டை வறண்டுவிடும். கொஞ்சம் போதும், நேரம் முக்கியம், மிஞ்சினால் கெடுதல். நம் உடம்பிலும் ஹார்மோனின் குணம் இதுதான்.

மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு பகுதி. பிள்ளைப் பருவத்தில் அடங்கிக் கிடந்துவிட்டு, பருவம் நெருங்கும்போது விட்டுவிட்டுத் துடிப்பாக ஒரு ஹார்மோனை அனுப்பத் தொடங்குகிறது. அதன் கீழே பட்டாணி அளவிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதைக் கேட்டு எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. பெண்பிள்ளையிடம் அவை சூலகத்துக்குப் போகின்றன. கருமுட்டை முதிர்கிறது, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஊறுகிறது, கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. பையனிடம் அதே இரண்டும் விதைகளுக்குப் போய் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனையும் விந்தணுவையும் உண்டாக்குகின்றன. குரல் உடைவதும் மீசை அரும்புவதும் அதனால்தான். அவனுக்கும் கேள்விகள் உண்டு. அவனிடம் யாரும் பேசுவதே இல்லை.

இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது ஒரு திருப்பம். ஈஸ்ட்ரோஜன் சாதாரணமாக பிட்யூட்டரியைப் பார்த்து ‘போதும்’ என்று அடக்கும். ஆனால் அது ஏறக்குறைய இரண்டு நாள் உச்சத்திலேயே நின்றுவிட்டால், அதே ஈஸ்ட்ரோஜன் ‘இன்னும் விடு’ என்று சொல்லத் தொடங்குகிறது. எல்.எச். குபீரென்று ஏறுகிறது, ஒன்றரை நாளில் கருமுட்டை வெளிவருகிறது. முட்டை இருந்த இடம் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரந்து கருப்பைச் சுவரைத் தாங்குகிறது. கரு தங்காவிட்டால் சுமார் இரண்டு வாரத்தில் அந்தச் சுரப்பு ஓய்ந்துவிடும். தாங்க ஆளில்லாத சுவர் உதிர்கிறது. மாதவிடாய் இவ்வளவுதான். இதில் தீட்டு எங்கே இருக்கிறது?

இந்தத் திருப்பத்தை உடம்பு பழகிக்கொள்ள ஓரிரு ஆண்டு பிடிக்கும். அதுவரை பல மாதம் முட்டை வெளிவராது. அதனால் நாள் கணக்கும் தப்பும். 13 வயது மகளுக்கு 40 நாளாகியும் வரவில்லை என்று கிளினிக்குக்கு இழுத்து வந்து, எங்கள் கண் முன்னாலேயே அவளைக் கன்னத்தில் அறைந்த ஒரு தாயைப் பார்த்தேன். அந்தப் பெண் அழவில்லை, தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்பு என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் கை ஓங்கியிருக்காது. 90 நாள் தாண்டினாலோ, 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலோ, எட்டு வயதுக்கு முன்பே மார்பு அரும்பினாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். இதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

சுகாதாரக் கல்விப் பாடத்தில் இதெல்லாம் வருகிறதே என்று சிலர் சொல்வார்கள். வருகிறது, சரி. ஆனால் மாமா சித்தி என்று பழகிய முகங்கள் முன்னால், வீட்டில் பேசும் தமிழில் கேட்டால்தான் பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வாய் திறக்கும். சின்ன வயதில் பேசினால் கெட்டுப்போவார்கள் என்ற பயமும் உங்களில் சிலருக்கு உண்டு. பத்து வயதில் வயதுக்கு வரும் பிள்ளைகள் நம் பள்ளியிலேயே இருக்கிறார்கள். அவர்கள் உடம்பு நம் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை.

படம் வரைந்த பெரிய அட்டைகள் என்னிடம் இருக்கின்றன. கேள்வியைப் பெயர் போடாமல் எழுதிப் போட ஒரு பெட்டியும் கொண்டுவருகிறேன். பையன்களிடம் பேச, என்னோடு வேலை பார்த்த ஓர் ஆண் உதவியாளர் வரச் சம்மதித்திருக்கிறார். தேநீரும் பிஸ்கட்டும் என் செலவு. அடுத்த செயலவைக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தாதி, உங்கள் பள்ளியின் பழைய மாணவி
சுங்கை சிப்புட்