பச்சை இலைப் படம் போட்ட கறியில் இறால்: உங்கள் தாய்லாந்து உணவகத்தின் மீது என் புகார்

உணவக நிர்வாகத்துக்கு, குறிப்பாகக் கல்லாவில் இருக்கும் தம்பிக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை மதியம் அம்மா, மனைவி, மகளோடு வந்து ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தவன் நான். புரட்டாசி மூன்றாம் சனி அன்று. காலையில் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்குப் போய், வெயிலில் வரிசையில் நின்று, சாமி பார்த்துவிட்டு நேராக உங்கள் கடைக்குத்தான் வந்தோம். அம்மாவுக்கு 73 வயது, வெளியே சாப்பிடலாமா என்று கேட்டால் பெரும்பாலும் வேண்டாம் என்பவர், அன்று அவராகவே "அந்தத் தாய்லாந்து கடைக்குப் போவோம்" என்றார்.

உட்கார்ந்ததும் உங்களிடமே கேட்டேன், ஞாபகம் இருக்கும். மெனுவில் பச்சை இலைப் படம் போட்டிருக்கிறதே, அது சுத்த சைவம்தானே, மீன் சாஸ், பெலாச்சான் என்ற இறால் விழுது எதுவும் சேராதே என்று இரண்டு தடவை கேட்டேன். "இலை போட்டதெல்லாம் சைவம்தாண்ணே, தைரியமா சாப்பிடுங்க" என்றீர்கள். நீங்கள் தமிழர், புரட்டாசி என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்று நினைத்து நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

தேங்காய்ப்பால் ஊற்றிய தாய்லாந்துப் பச்சைக் கறி (கிரீன் கரி) வந்தது. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "கருவாட்டு வாசம் மாதிரி வருதேப்பா" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இல்லம்மா, அது எலுமிச்சை இலையும் அரத்தையும், அப்படித்தான் இருக்கும், சாப்பிடுங்க" என்றேன். என் பேச்சை நம்பிப் பாதிக் கிண்ணம் சாப்பிட்டார். அப்பா போனதிலிருந்து 19 வருஷமாக அவர் கவிச்சி தொட்டதில்லை, ஆனால் அதற்கு முன் மீன் குழம்பு இல்லாமல் ஒரு வாரம் கழியாத வீடு எங்களுடையது, அந்த நாக்கு எப்படி மறக்கும்? அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் இல்லை என்று சொல்லிச் சாப்பிட வைத்துவிட்டேன். இந்தக் கடிதம் எழுதும்போதும் அதுதான் மனதை அறுக்கிறது.

அப்புறம் பப்பாளிக்காய் சாலட். அதற்கும் இலைப் படம் உண்டு. மகள் கரண்டியால் கிளறும்போது தட்டின் அடியில், நிலக்கடலைத் துண்டுகளுக்கு நடுவில், ஆரஞ்சு நிறத்தில் ஒன்று சுருண்டு கிடந்தது. நகத்தளவுதான் இருக்கும். எடுத்துப் பார்த்தால் காய்ந்த இறால், கருப்புப் புள்ளியாகக் கண்கூடத் தெரிந்தது. அம்மா கரண்டியைக் கீழே வைத்தவர் அதற்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பரிமாறிய பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் உள்ளே போய்க் கறி விழுது டப்பாவையே கொண்டு வந்து காட்டினாள். சேர்மானப் பட்டியலில் பச்சை மிளகாய், பூண்டு, எலுமிச்சைப் புல், அரத்தை, அதற்கடுத்து இறால் விழுது. இறால், மீன், நிலக்கடலை மாதிரிப் பொருள்கள் இருந்தால் அடைத்து விற்கும் டப்பாவில் எழுதியே ஆக வேண்டும் என்பது சிங்கப்பூரில் சட்டம், அதனால் அந்த டப்பா உண்மையைச் சொன்னது. அதே விழுதில் செய்த கறிக்குப் பச்சை இலை போட்டது உங்கள் மெனு. கோழிக்குப் பதில் டோஃபு போட்டால் சைவம் ஆகிவிடும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள், அடுப்படியில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வந்து சொன்னபோது நீங்கள், "கொஞ்சம்தாண்ணே இருக்கும், எல்லா தாய் கடையிலயும் இப்படித்தான்" என்றீர்கள். கொஞ்சமா நிறையவா என்பதா தம்பி கேள்வி? எங்கள் அம்மா என்பதால் மனசு கஷ்டத்தோடு போயிற்று. இறால் ஒத்துக்கொள்ளாத உடம்புக்காரர் அந்த இலையை நம்பிச் சாப்பிட்டிருந்தால் அந்தக் கொஞ்சமே போதும், ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியிருக்கும்.

எனக்கு இவ்வளவு கோபம் வர இன்னொரு காரணம், உங்கள் கடை இப்படி இருந்ததில்லை. பீச் ரோடு கோல்டன் மைல் கட்டடத்தில், தெற்குத் தாய்லாந்தின் ஹாட்யாய் ஊருக்கு பஸ் டிக்கெட் விற்கும் கடைகளுக்குப் பக்கத்தில், ஆறு மேசை போட்டு நடத்திய நாளிலிருந்து நாங்கள் வருகிறோம். அங்கே உங்கள் மாமியார்தான் அடுப்பில் நிற்பார். அம்மாவைப் பார்த்ததும் கைகூப்பி, "ஜே?" (சைவமா?) என்று ஒரே சொல்லில் கேட்பார், அம்மாவும் தலையாட்டுவார். உடனே அந்த மண் உரலையும் மர உலக்கையையும் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, துணியால் துடைத்து, எங்கள் கண் முன்னால் வைத்து, மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸும் உப்பும் போட்டுப் பப்பாளிக்காய் சாலட்டை இடித்துத் தருவார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது, ஆனாலும் ஒரு நாளும் தப்பு நடந்ததில்லை.

கின் ஜே என்ற தாய்லாந்துச் சைவ விரதம் பற்றி உங்கள் மனைவி வீட்டில் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சீனர் மாதக் கணக்கில் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள், கிட்டத்தட்ட நம் புரட்டாசியை ஒட்டியே வரும். இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமில்லாமல் பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது, பாத்திரம்கூடத் தனி. நம் வீட்டு விரதச் சமையலுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறெந்த ஊர்ச் சமையல் இருக்கிறது? அப்படி ஒரு பழக்கம் உள்ள குடும்பம் நடத்தும் கடையில் இது நடக்கலாமா?

மே 2023-இல் அந்தக் கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னபோது நீங்கள் எங்கே போவீர்களோ என்று கவலைப்பட்டோம். புது இடத்தில் பெரிய கடை திறந்ததும் முதல் வாரமே வந்தோம். கடை பெரிதானால் விழுது வெளியிலிருந்து டப்பாவில் வரும், அது புரிகிறது, அதில் எனக்குக் குறையில்லை. டப்பா வந்த அன்றே மெனுவிலிருந்து அந்த இலையை எடுத்திருக்க வேண்டும்.

சரி, நான் கேட்பது இதுதான். இந்த வாரமே மெனுவிலும் ஆர்டர் எடுக்கும் டேப்லெட்டிலும் இலைப் படத்தை எடுத்துவிடுங்கள். அடுப்படியில் ஒவ்வொரு பொருளாகப் பார்த்து, விழுது, சிப்பி சாஸ், காய்ந்த இறால் போட்ட மிளகாய் விழுது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, உண்மையிலேயே சைவமானதற்கு மட்டும் திரும்பப் போடுங்கள். அது மூன்றே பதார்த்தம் என்றாலும் பரவாயில்லை. தெரியாவிட்டால் "தெரியாது, உள்ளே கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லும்படி எல்லோரிடமும் சொல்லி வையுங்கள், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். கறிக்கும் சாலட்டுக்கும் சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி சேர்த்து 30 வெள்ளி 93 காசு ஆகிறது, அதைத் திருப்பித் தாருங்கள். அதோடு அம்மாவிடம் நீங்களே போனில் பேசி மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கு வவுச்சர் வேண்டாம்.

பில்லும், டப்பாவின் லேபிளை எடுத்த படமும் இத்துடன் இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் மாமியாருக்கும் அவர் மொழியில் சொல்லிக் காட்டுங்கள். அவர் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அம்மா அதைக் கட்டாயம் எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
பல வருஷமாக உங்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளர்