வினையெச்சம் தெரிந்த பிள்ளைக்கு மாடிஃபையர் புரியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தக்கலைப் பக்கம் வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கட்டுரை நோட்டை நீட்டினான். கன்னியாகுமரிக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதியிருந்தான். 'வாக்கிங் அலாங் த பீச், த வள்ளுவர் ஸ்டாச்யூ லுக்ட் பியூட்டிஃபுல்' என்ற வரியைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் 'டேங்ளிங் மாடிஃபையர்', அதாவது உரிய ஆளோடு சேராமல் தொங்கும் அடை, என்று மட்டும் போட்டிருந்தது. என்ன தப்பு என்று அவனுக்கு விளங்கவே இல்லை, வகுப்பில் கேட்கவும் பயம்.

அதையே தமிழில் சொல்லு என்றேன். 'கடற்கரையில் நடந்து வள்ளுவர் சிலை அழகாகத் தெரிந்தது' என்று சொன்னவன் சட்டென்று நிறுத்தி, 'சிலையா சார் நடந்துச்சு?' என்று கேட்டான். அவ்வளவுதான் விஷயம். 'நடந்து' என்று எச்சம், அதாவது முடியாமல் நிற்கும் வினைச்சொல், வந்தால் நடந்தவரே அடுத்த வினையையும் செய்ய வேண்டும். 'செய்து' வாய்பாட்டு எச்சம் வினைமுதலின், அதாவது அதைச் செய்தவரின், வினையைக் கொண்டு முடியும் என்று தொல்காப்பியம் வினையியலிலேயே இருக்கிறது. ஆங்கிலத்திலும் முன்னால் வருகிற அந்த 'வாக்கிங்', காற்புள்ளிக்கு அடுத்து நிற்கும் எழுவாயைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது, இங்கே அது 133 அடிக் கற்சிலை. தமிழில் 'நாங்கள் நடந்தபோது' என்று மாற்றினால் போதும், ஆங்கிலத்தில் 'ஆஸ் வி வாக்ட்' என்று நடந்த ஆளைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

இரண்டு மொழிக்கும் அடை நிற்கும் இடம்தான் மாறும். 'நேற்று குளச்சலில் வாங்கிய நல்ல சாளை' என்று நாம் எல்லா அடையையும் மீனுக்கு முன்னாலேயே அடுக்குவோம். ஆங்கிலத்தில் 'குட்' முன்னால் நிற்கும், 'பாட் எஸ்டர்டே இன் கொளச்சல்' என்ற நீளத் தொடர் மீனுக்குப் பின்னால் போய்விடும். அப்புறம் 'மட்டும்'. 'நான் மட்டும் சாளை சாப்பிட்டேன்', 'நான் சாளை மட்டும் சாப்பிட்டேன்', இந்த இரண்டையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மாற்றிச் சொல்லாது. 'ஒன்லி ஐ ஏட் சார்டீன்ஸ்', 'ஐ ஏட் ஒன்லி சார்டீன்ஸ்' என்று அதன் பக்கத்தில் எழுதிக் காட்டினால், நமக்குப் பின்னால் ஒட்டுவது அவர்களுக்கு முன்னால் நிற்கிறது என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

தமிழ் ஐயாவும் ஆங்கில டீச்சரும் ஒரே வகுப்புக்குத்தான் போகிறார்கள். எச்சமும் மாடிஃபையரும் ஒரே வாரத்தில் வருகிற மாதிரி இருவரும் பேசிவைத்துக்கொண்டு நடத்தலாமே. சிவப்பு மையில் பெயரை மட்டும் எழுதி விடாமல், 'யார் நடந்தது?' என்று ஒரு கேள்வி எழுதியிருந்தால் அந்தப் பையன் பள்ளியிலேயே திருத்தியிருப்பான்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.