காலுக்கு வரும் நாடியை முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய குருதிக்குழாய்களை வளரவைத்து ஆறாத புண்ணை ஆற்றும் ஆய்வுகளைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தால், அடுத்த கிளினிக் நாளிலேயே "அந்த மருந்து இங்கே எடுக்கலாமா?" என்று நீரிழிவுக்காரரின் வீட்டார் கேட்கிறார்கள். அதனால் சில விடயங்களை எழுதுகிறோம்.

குருதிக்குழாய் இல்லாமல் புற்றுநோய்க் கட்டி ஓரிரு மில்லிமீற்றருக்கு மேல் வளராது என்று பொஸ்டனைச் சேர்ந்த ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். குழாய் வளரத் தூண்டும் விஈஜிஎஃப் என்ற புரதத்தை 1989இல் நெப்போலியோனி ஃபெராராவின் குழு பிரித்தெடுத்தது. கட்டியில் மறிக்க வேண்டிய இந்த வளர்ச்சியைப் புண்ணில் தூண்ட வேண்டியிருக்கிறது. நீரிழிவின் விசித்திரம், கண்ணின் விழித்திரையில் இது அளவுக்கு மிஞ்சிப் பார்வையைக் கெடுக்கும், காற்புண்ணிலோ போதாமல் போகும்.

செய்தியில் முதலில் தேட வேண்டியது, ஆய்வு எந்த விலங்கில் நடந்தது என்பது. எலியின் தோலுக்கடியில் ஒரு மெல்லிய தசைத்தகடு உண்டு. காயத்தின் விளிம்புகளை அது இழுத்துச் சேர்த்துவிடும். மனிதரின் புண்ணோ பெரும்பாலும் அடியிலிருந்து புதுச் சதை நிரம்பி, மேலே தோல் படர்ந்துதான் ஆறுகிறது. அதனால் கவனமான ஆய்வாளர்கள் எலியின் காயத்தைச் சுற்றி சிலிக்கோன் வளையம் தைத்து, சுருங்காமல் பிடித்து வைப்பார்கள். வளையம் இல்லாமல் 'விரைவில் ஆறியது' என்றால் நாங்கள் அவ்வளவாக நம்புவதில்லை.

பெக்காப்ளெர்மின் என்ற 0.01% ஜெல், புண்ணை ஆற்றும் கலங்களைத் தூண்டும் இன்னொரு வளர்ச்சிப் புரதம். அதற்கு அமெரிக்கா 1997இல் அனுமதி கொடுத்தது. அந்த அனுமதியிலேயே, போதிய குருதியோட்டம் உள்ள புண்ணுக்குத்தான் என்று இருக்கிறது. தெருவின் பிரதான குழாயில் தண்ணீர் வராதபோது வீட்டுக்குள் எத்தனை பைப் பூட்டியும் பயனில்லை.

ஆகவே மருந்தைத் தேடுமுன் கணுக்காலில் குருதியழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். நோயாளி 10 நிமிடம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். கணுக்காலுக்குச் சற்று மேலே பிரஷர் பார்க்கும் பட்டியைச் சுற்றி, டொப்ளர் என்ற, குருதியோட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் கையடக்கக் கருவியால் பாதத்து நாடியின் (இதயத்திலிருந்து குருதி கொண்டுவரும் குழாயின்) ஒலியைப் பிடித்து, ஒலி மறையும்வரை காற்றடித்து, மெல்ல விடும்போது ஒலி திரும்பும் அளவைக் குறிப்பார்கள். அதைக் கையில் அளந்த குருதியழுத்தத்தின் மேல் எண்ணால் வகுத்தால் வருவது 0.9க்குக் கீழ் என்றால் நாடி ஒடுங்கியிருக்கிறது. 1.3ஐத் தாண்டினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை: நீரிழிவில் நாடிச்சுவரில் சுண்ணாம்பு படிந்து, பட்டியால் நசுக்க முடியாமல் பொய்க் கணக்குக் காட்டுகிறது. சிலவேளை அடைப்புள்ள காலிலும் இதனால் 'சரியான' எண் வந்துவிடும். சந்தேகம் இருந்தால் பெருவிரலின் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் குறைவென்றால், நாடிச் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் தாமதிக்காமல் போக வேண்டும். வீட்டிலுள்ள டிஜிட்டல் மெஷினைக் காலில் கட்டிப் பார்ப்பது வீண்வேலை.

புண்ணின் அடியில் சிவப்பாக மணிமணியாகத் தெரிவது புதுச் சதை. ஒவ்வொரு மணிக்குள்ளும் சுருண்ட நுண்குழாய்கள் இருக்கின்றன. ஆய்வுகூடம் வளர்க்கப் பார்க்கும் அதே குழாய்களைத்தான் நாம் தினமும் அறுக்கிறோம்: காய்ந்து ஒட்டிய கோஸ் துணியைச் சடக்கென்று உரித்தால் அவை கிழிந்து குருதி கசியும். 0.9% சேலைன் உப்புநீரை ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட்டு எடுங்கள். நுரைக்கும் பெரொக்சைட்டும் ஸ்பிரிட்டும் கிருமியோடு புதுக் கலங்களையும் கொல்லும். அழுக்குப் போகிறது என்று திருப்திப்படுகிறவர்கள் இன்னும் எத்தனையோ பேர். மணிகள் வெளிறினால் குருதி போதவில்லை. கருஞ்சிவப்பாகித் தொட்டதும் கசிந்தால் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

உள்ளங்காலில் புண்ணை வைத்துக்கொண்டு நடந்தால் எந்த ஜெல்லும் நிற்காது. ஒவ்வொரு அடியிலும் அந்த இடம் நசுங்குகிறது, உணர்ச்சி மரத்திருப்பதால் வலிப்பதுமில்லை. முழங்காலுக்குக் கீழே பொருத்தும் கழற்ற முடியாத காப்புக்கட்டு இதற்கு நல்ல பலன் தரும். நாடி அடைபட்டிருந்தாலோ தொற்று இருந்தாலோ மட்டும் அதை யோசித்துத்தான் போட வேண்டும். நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால், போகிற வழியிலேயே போகாமல் சிகிச்சையை மறுபடி ஆராயச் சொல்லுங்கள்.

இத்தகைய ஆய்வுச் செய்தியைப் பிரசுரிக்கும்போது, எந்த விலங்கில் நடந்தது, நாடி அடைப்புள்ள நோயாளரையும் சேர்த்தார்களா என்ற இரண்டையும் ஒரு வரியில் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நீரிழிவுப் பாதப் பராமரிப்பில் பணிபுரிவோர்,
கொழும்பு 6.