சனசமூக நிலையத்து விறாந்தையிலிருந்து

அன்புச் சிநேகிதிக்கு,

நீ அனுப்பின குரல்பதிவு கேட்டனான். போனில கதைச்சால் பாதி மறந்துபோம், அதால எழுதுறன். நாங்கள் சுகம். இந்த மாரி விட்டுவைக்காமல் பெய்து கிணறு நிரம்பிக் கிடக்கு. வெங்காயம் நட்ட சனத்துக்குத்தான் அழிவு.

கனடாவில, ஸ்காபரோவில உன்ர வீட்டுக்குக் கிட்ட ஒரு நூலகத்தில பின்னல் வேலை பழகக் கூடுகினம், போகவோ விடவோ எண்டு கேட்டிருந்தாய். ஒருத்தரையும் தெரியாதாம், இந்த வயசில என்னத்தைப் பழகிறதாம். உனக்குப் புத்தி சொல்ல நான் ஆரடி? இஞ்சை நடக்கிறதைச் சொல்லுறன், கேள்.

எங்கட சனசமூக நிலையம் உனக்குத் தெரியும்தானே. காலமை ஆம்பிளையள் உதயன் பேப்பரையும் வலம்புரிப் பேப்பரையும் தாள் தாளாய்ப் பங்குபோட்டு வாசிக்கிற இடம். பின்னேரத்தில விறாந்தை சும்மா கிடக்கும். அந்த விறாந்தையில ஒரு நாள் சின்னாச்சி வந்து குந்தி பிட்டு அவிக்கிற பனையோலை நீத்துப்பெட்டி இழைக்கத் தொடங்கினா. வீட்டில பேரப்பிள்ளையள் ரீவியை அலற விடுகினமாம், மனுசிக்கு எண்ணிக்கை பிசகுதாம். பாக்கப் போன பெண்டுகள் ஒவ்வொருத்தராய்க் குந்தினவை, பிறகு எழும்பேல்லை. நானும்தான். இப்ப செவ்வாயும் சனியும் பின்னேரம் எண்டால் என்னை வீட்டில தேடாதை.

ஓலை வேலை சும்மா பாக்கிறதுக்கு லேசு. இளங்குருத்துச் சார்வோலையை வெயிலில காயவிட்டு, இரவு பனியில போட்டு எடுத்தால்தான் முறியாமல் மடங்கும். ஈர்க்கை நீக்கி, சத்தகக் கத்தியால ஒரே அகலத்தில வார வேணும். அகலம் கொஞ்சம் பிசகினாலும் பெட்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிக்கும். வங்கியில அவ்வளவு காலம் சதக்கணக்குப் பாத்த எனக்கு இந்தக் கணக்குப் பிடிபடக் கனநாள் எடுத்தது. சாமான் காவுற கடகம் எண்டால் இன்னும் பெரிய வேலை. உள்ளுக்கு ஓலை, வெளியில மட்டை நார், கடைசியில விளிம்பு பொத்த வேணும். அந்தப் பொத்தல் எங்களுக்குள்ள சின்னாச்சிக்கும் இன்னொருத்திக்கும்தான் வரும். மற்றவை பக்கத்தில இருந்து ஊசி கோத்துக் குடுக்கிறதோட சரி.

பிறகு சாயம் போட்ட ஓலை வந்தது. அதோடதான் எனக்கு விசர் பிடிச்சது. எங்கட பழைய வீட்டு மண்டபத்து நிலத்தில சிவப்பும் பச்சையுமாய் ஒரு பூ இருந்ததெல்லே, அதைப் பெட்டி மூடியில கொண்டுவரப் பாத்தன். ஓலை நேராய்த்தான் ஓடும், வளையாது. பூ நண்டாய்ப் போச்சு. எல்லாரும் வயிறு நோகச் சிரிச்சினம். சின்னாச்சி மட்டும் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த சனிக்கிழமை மனுசி தானும் ஒரு நண்டுப்பெட்டியோட வந்து நிக்கிறா, கொடுக்கெல்லாம் வைச்சு! எண்பது வயசு மட்டும் தாய் காட்டின கோலத்தை மாத்தாத கை அது.

எங்கட ஊரில ஒரு புது ஆளைக் கண்டால் முதல் கேள்வி என்னெண்டு உனக்குத் தெரியும். நீர் ஆற்றை மகள், எந்தப் பக்கம்? அதோட பாதிச் சிநேகிதம் முளையிலேயே கருகிப்போம். விறாந்தையில அந்தக் கேள்வி வாறதில்லை எண்டு சொன்னால் பொய். வரும், ஆனால் நிண்டு பிடிக்காது. எல்லாற்றை கண்ணும் ஓலையில கிடக்கும், ஒருத்தரும் ஒருத்தற்றை முகத்தைப் பாக்கிறதில்லை, அதால வாயில சும்மா கதை வரும். சந்திக் கடையில இவ்வளவு காலமும் தலையாட்டிப்போட்டுப் போன ஒருத்தி, சண்டையில யாழ்ப்பாணச் சனமெல்லாம் ஒரேயடியாய் வெளிக்கிட்ட 95 ஐப்பசி இடப்பெயர்வில நாவற்குழிப் பாலத்தில எனக்கு முன்னாலயோ பின்னாலயோதான் நடந்திருக்கிறா. சனம் நகைப்பெட்டி காவ, அவ கடகத்துக்குள்ள ஆட்டுக்குட்டியைக் காவினவவாம். எங்களுக்குள்ள விளிம்பு பொத்தத் தெரிஞ்ச மற்றவ அவதான். இப்ப எனக்குக் காய்ச்சல் எண்டால் ரசம் அவவின்ர வீட்டிலிருந்துதான் வரும்.

இடையில ஒரு தொண்டு நிறுவனத்து ஆக்கள் வந்தவை. பதாகை, வரவுப் பதிவேடு, சந்தைப்படுத்தல் பயிற்சி எண்டு பெரிய திட்டம். மாதம் எத்தினை பெட்டி எண்டு எழுதித் தரச்சொல்லிக் கேக்க, சின்னாச்சி "சாகிற நாளையும் எழுதவோ தம்பி?" எண்டு கேட்டா. பொடியன் பாவம், முழிச்சான். காசு தேவையானவை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் குடுக்கினம், அது நல்லதுதான், எனக்கு அதில ஒரு குறையும் இல்லை. ஆனால் பதிவேடு வந்திருந்தால் நண்டு வந்திராது.

ஆனபடியால் நீ போய்ப்பார். பிடிக்காட்டில் எழும்பி வா, ஆர் கேக்கப்போகினம்?

இனி என்ர அலுவல். பள்ளிக்கூடத்தில வகுப்பு முழுக்கத் தாவரவியல் படம் கீறிக் குடுத்தவள் நீ. எனக்குச் செம்பரத்தம்பூவுக்கே இதழ் எண்ணத் தெரியாது. ஒரு சதுர றூள் கொப்பி வாங்கி, வளைவு இல்லாமல், கட்டத்துக்குள்ள அடங்கிற மாதிரி மயில் ஒண்டும் மீன் ஒண்டும் கீறி வட்சப்பில அனுப்பு. மூண்டு நிறத்துக்கு மேல போகாதை. மயிலுக்குத் தோகை கனக்க வைக்காதை, இழைக்கப்போறது நான்.

உன்ர,
பழைய வாங்குக்காரி